உள்ளே தட்டும் சத்தம்

ஜனவரி 18, 2025

வீட்டை பில்டரிடம் ஒப்படைக்க மார்ச் கடைசி வரை கெடு. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். பரண், பாத்திரம், பீரோ எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி பிறந்துவிடும். ஷெட்டில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத்தான் வழி தெரியவில்லை. 2003-இல் அப்பா உள்ளே கொண்டுவந்து நிறுத்தியது. அவர் போன பிறகும் யாரும் தொடவில்லை.

தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்தான். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு என்று 2021-இல் விதி வந்துவிட்டது, 1966 மாடல் என்றால் வாங்க ஆள் இருக்கிறது, ஆனால் இன்ஜின் ஓட வேண்டும் என்றான். விலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இன்ஜின் ஓட வேண்டும் என்பதில் மட்டும் அவனும் நானும் ஒன்று. வங்கியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடுவாஞ்சேரிக்கு வந்துவிட்டேன். இங்கே நடப்பதை எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது. இந்த வீடு இனி இருக்காது.

ஜனவரி 20

மெக்கானிக் பாய் வந்தார். எழுபதைத் தாண்டியவர். சிறு வயதில் புதுப்பேட்டையில் ஹெரால்டு மட்டுமே பார்த்த பட்டறையில் தொழில் கற்றவராம். வந்ததும் இரண்டு ஓரத்துக் கொக்கிகளையும் விடுவித்து பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டு. முழு முகமும் முன்னால் சாய்ந்துகொள்ளும், இன்ஜின் இரு புறமும் திறந்து நிற்கும். அவர் முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“இந்த மாதிரி உக்காந்து வேலை செய்யற வண்டி வேற எதும்மா இருக்கு?”

இத்தாலியக்காரர் மிக்கெலொட்டி வரைந்த உருவம். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது, 1961-இலிருந்து வண்டலூரில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்யப்பட்டது. 948 சிசி, நான்கு சிலிண்டர். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெரு முனையில் மற்ற கார்கள் முன்னும் பின்னும் போய்த் திண்டாடும்போது அப்பா ஒரே வளைப்பில் திருப்புவார். அந்த நேரம் பின் சீட்டில் எனக்கும் தம்பிக்கும் இருந்த பெருமையை இன்று நினைத்தாலும் மார்பு விரிகிறது.

சாவியைப் போட்டுப் பார்க்கலாமா என்றேன். பாய் என் கையைத் தடுத்தே விட்டார். இத்தனை வருஷத்தில் சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும், பேரிங்கில் இருந்த எண்ணெய் எப்போதோ வடிந்திருக்கும். அப்படியே செல்ஃப் அடித்தால் நல்ல பாகமும் கெடும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் எண்ணெய் ஊற்றினார். பழைய ஆயிலைத் திறந்துவிட்டபோது அது வடியவில்லை, இறங்கியது.

ஜனவரி 21

எண்ணெய் ஊறுகிறது. இன்று வேலை இல்லை.

ஜனவரி 25

டாப் கியரில் போட்டு, பிளக் இல்லாமல், பாயும் பக்கத்து வீட்டுப் பையனும் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார்கள். முதலில் அசையவில்லை. பிறகு ஃபேன் ஒரு விரல்கடை நகர்ந்தது, அப்புறம் அரைச் சுற்று. நான் கத்திவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

ஜனவரி 29

ஓடியது.

டேங்கில் இருந்தது பெட்ரோலே இல்லை, வார்னிஷ் வாசம் அடித்தது. அதைக் கொட்டிவிட்டு, இப்போதைக்கு ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு அதிலிருந்து நேராகக் கார்புரேட்டருக்கு ட்யூப் கொடுத்தார் பாய். இப்போது பங்க்கில் வருவதில் எத்தனால் கலந்திருக்கிறது, பழைய பம்பின் ரப்பர் டயாஃப்ரம் அதற்குத் தாங்காது, அதை மாற்றின பிறகுதான் டேங்க் என்றார். புது 20W-50 ஆயில். பிளக் போடாமலே செல்ஃப் அடித்து, டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றவிட்டார். எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு பிளக். பிறகு சாவியை என்னிடம் கொடுத்தார்.

நீலப் புகை ஷெட்டை நிறைத்தது. ஓடிக்கொண்டிருந்தது, நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷப்படும் முன்பே சத்தம் கேட்டது. மேலே தகரத்தில் ஆணி தட்டுவது போல் ஒன்று. அதற்கும் அடியில் இன்னொன்று, கனமாக, ஒழுங்கில்லாமல், இருந்து இருந்து வந்தது. பாய் கையைக் காட்டினார். அணைத்தேன்.

“ரெண்டு சத்தம்மா. மேல இருக்கறது பயமில்ல” என்றார். அடியில் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 30

தூக்கமில்லை. நாமே எழுப்பிக் கெடுத்துவிடுவோமோ என்று ராத்திரி முழுக்க.

பிப்ரவரி 2

மேல் சத்தம் தீர்ந்தது. ராக்கர் ஷாஃப்ட்டின் எண்ணெய்த் துளைகளில் தார் போல அடைத்திருந்தது, அதனால் ராக்கர்கள் காய்ந்து ஓடியிருக்கின்றன. கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். பிறகு டாப்பெட். வால்வு தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே பத்து தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் பத்துப் பங்கு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும், ஆறாவது திறந்தால் மூன்றாவதை. “கூட்டினா ஒம்பது வரணும், அவ்ளோதான் கணக்கு.” நான் வால்வு எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் ஜோடி எண்ணைச் சொல்லி முடுக்கினார். இவ்வளவு நிம்மதியான ஒரு காலை இங்கே வந்த பிறகு வேறு இல்லை.

பிப்ரவரி 3

மேலே அடங்கியதும் அடியில் இருப்பது இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

பாய் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்து ஒவ்வொரு இடமாகக் கேட்டார். ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பிக் எண்ட் பேரிங் போயிருந்தால், அந்த சிலிண்டர் எரியாதபோது சத்தம் குறையும். எதைப் பிடுங்கினாலும் குறையவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் “யோசிக்கணும்மா” என்று கிளம்பிவிட்டார்.

ராத்திரி தம்பி. நாளுக்கொரு செலவு, எதற்கு, இருக்கிற நிலையிலேயே தள்ளிவிடலாம் என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கும். “அந்த வண்டி நின்னதே என்னாலதானே, அதை ஏன் எனக்குக் காட்டிக்கிட்டே இருக்கே?” என்று வைத்துவிட்டான்.

2003 மே மாதம் அவன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெரால்டை எடுக்கலாம் என்றார் அப்பா. அவன் நண்பர்கள் வேறு பெரிய வண்டி பேசியிருந்தார்கள். கல்யாணம் முடிந்த வாரம் அப்பா சாவியை பீரோவில் வைத்துப் பூட்டினார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கோபம் என்றே வீட்டில் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 4

பாய் வரவில்லை.

பிப்ரவரி 5

பரணைக் காலி செய்தோம். ஒரு டிரங்குப் பெட்டியில் அப்பாவின் தோல் செருப்பு, வலது கால் மட்டும். இன்னொன்று எங்கே என்று துழாவினேன்.

“தேடாதே, அது இல்லடி” என்றாள் அம்மா. “பத்திரிகை வைக்கப் போனப்ப எங்கேயோ நழுவிடுச்சு. இடது கால். வீட்டுக்கு வந்து நான் சொல்லித்தான் அவருக்கே தெரிஞ்சுது. சர்க்கரையில கால் மரத்துப்போச்சுன்னு டாக்டர் சொன்னது அப்பத்தான். கல்யாண நேரத்துல பசங்க கிட்ட சொல்லாதேன்னுட்டார்.”

சொல்லிவிட்டு எவர்சில்வர் அடுக்கை யாருக்குக் கொடுப்பது என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எதுவுமே தெரியாது. அவருக்குக் கால் விரலை எடுத்தபோதுதான் தெரியும், அது 2006. சாயங்காலம்வரை அவளோடு பேசவில்லை.

பிப்ரவரி 8

பாய் வந்ததும் என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடியது, அடியில் தட்டியது.

“கிளட்ச்ச மிதிங்கம்மா.”

மிதித்தேன். சத்தம் நின்றது.

“விடுங்க.” திரும்ப வந்தது. மிதித்தால் இல்லை, விட்டால் இருக்கிறது.

அணைக்கச் சொல்லி, இறங்கி வந்து பார்க்கச் சொன்னார். பையன் கிளட்ச்சை மிதித்தபோது முன்னால் கிராங்க் புல்லி என் கண்ணுக்கே தெரியும்படி முன்னால் வந்தது. எட்டு தௌவுக்கு மேல் கிராங்க் முன்பின் ஆடக்கூடாது, இதைப் பார்க்க அளவுகோலே வேண்டாம் என்றார். பின் மெயின் பேரிங் பக்கத்தில் அரைவட்டமாக இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கின்றன. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது, அந்தப் பளுவைப் பின்பக்கத்து வாஷர்தான் தாங்குகிறது. அது தேய்ந்துவிட்டது.

“இது நின்னு கெட்டது இல்லம்மா. ஓடிக் கெட்டது. ஷெட்ல விடறதுக்கு முந்தியே இந்த சத்தம் இருந்திருக்கும். ஓட்டினவர் கிளட்ச் மேலயே கால வெச்சிருந்திருக்கார்.”

எங்கள் அப்பா அப்படி ஓட்டவே மாட்டார் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தபோது அவர் விடாமல் சொன்னது அதுதான். கியர் விழுந்ததும் கால் தரைக்கு வந்துவிட வேண்டும், பெடல் காலை வைத்துக்கொள்ளும் இடம் இல்லை. நான் மறந்தால் முழங்காலில் தட்டுவார். தன் வண்டியில் அவர் அதைச் செய்வாரா?

“தெரிஞ்சு செய்ய மாட்டார்” என்றார் பாய். டீ ஆறிப்போகிறது என்று அம்மா கூப்பிட்டாள்.

பிப்ரவரி 9

தம்பியை நானே கூப்பிட்டேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொன்னேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டான். ஆயில் சேம்பரை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். வாஷர் தேய்ந்து இன்னும் இடத்தில் இருந்தால், கனம் கூடுதலானதை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து இன்ஜினை இறக்காமலே மாட்டிவிடலாம். ட்ரையம்ப் கார்களுக்கு அங்கே இன்னும் சாமான் கிடைக்கிறது. கழன்று விழுந்திருந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்திருக்கும். பிறகு இன்ஜின் இல்லை.

அப்புறம் செருப்பைப் பற்றிச் சொன்னேன். கால் மரத்துப்போனதையும்.

“கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியாக்கா?”

பத்திரிகை வைக்கும்போது என்றேன். எந்த மாதம் என்று கேட்டான். அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன், ஏப்ரல். அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டான். போனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

நாளை காலை பாய் வருகிறார். சேம்பர் காஸ்கெட் புதுப்பேட்டையில் கிடைக்கவில்லை, கார்க் ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம் என்கிறார். இறக்கும் வேலையைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று தம்பி கேட்டிருக்கிறான், பஸ் டிக்கெட் பார்க்கிறானாம். பாய்க்குச் சனிக்கிழமை வேறு வேலை. நாளைக்கே இறக்குவதா, அவனுக்காக நிறுத்தி வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.