சுற்றி வருவோருக்கு ஒரு வாசல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மதரஸாவில் ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் நடத்தும் பாடங்களுள் ஒன்று, பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழி. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி அது. ஒரு பெண் பூனையொன்றைச் சாகும்வரை அடைத்து வைத்தாள்; அதன் காரணமாக நரகம் புகுந்தாள்; அதற்கு அவள் உணவும் கொடுக்கவில்லை, பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைத்துக்கொள்ள அதை விட்டுவிடவும் இல்லை என்பது அதன் கருத்து. பிள்ளைகள் இதனை எளிதில் மனனம் செய்துவிடுவார்கள். வாயில்லா ஜீவன்களுக்கு உணவளிக்க வேண்டும் என்ற படிப்பினையைக் கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த நபிமொழியின் பிற்பகுதியை நாங்கள் சரியாகப் படிக்கவே இல்லை என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டுச் சாமான் அறை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் வீடு பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காட்டில், வெள்ளாற்றின் கரையில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. சோளக்கதிர் அறுத்து முடிந்ததும் வயலில் இருந்த எலிகள் தானியத்தைத் தேடி வீடுகளுக்குள் வந்துவிடும். அப்படி எலிகள் வந்த ஒரு தை மாதத்தில்தான் அந்தச் சாம்பல் நிறப் பூனையும் வந்தது. எங்கள் இளைய மகள் அதற்கு 'மிஸ்கீன்' என்று பெயரிட்டாள். பகலெல்லாம் கொல்லையில் திரியும். சோற்று நேரத்தில் அடுப்படிக்கு வரும். வெயில் ஏறினால் சாமான் அறையில் மூட்டைகளுக்கிடையே உறங்கும்.

சித்திரையில் அரியலூரில் உறவினர் வீட்டு நிகாஹ். வைகறையிலேயே புறப்பட்டோம். பைகளை எடுப்பதும், அம்மாவின் மருந்தைத் தேடுவதும், பேருந்து நேரம் பார்ப்பதுமாக ஒரே பரபரப்பு. சாமான் அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டவர் எங்களில் யார் என்பது இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் நாங்கள் விரும்பவில்லை. இரண்டு இரவுகள் அரியலூரில் தங்கினோம். வலீமா விருந்தில் வயிறார உண்டோம். சிமென்ட் லாரிகள் நிறைந்த சாலையில் மூன்றாம் நாள் அஸர் நேரத்தில் வீடு திரும்பினோம்.

பூட்டைத் திறந்ததும் ஒரு சத்தம் கேட்டது. மரத்தை நகத்தால் பிறாண்டும் சத்தம். அதுவும் விட்டுவிட்டு, மிக மெதுவாக. அந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே நிற்கவே முடியாது. தாழை நீக்கியபோது மிஸ்கீன் எங்களைப் பார்த்து ஓடவில்லை, கத்தவும் இல்லை. தரையோடு தரையாகக் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை அருகில் வைத்ததும் தலையை நீட்டிக் குடித்தது. நெடுநேரம் குடித்துக்கொண்டே இருந்தது. கதவின் உட்புறத்தில், கீழ்ப்பகுதி முழுவதும் நகக்கீறல்கள். அம்மா அந்தக் கீறல்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், நம்ம வீட்டுலயா?" என்று அழுதார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அது பிழைத்துவிட்டது. ஆனால் அன்றிரவு எங்களுக்கு உறக்கமில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு எந்த நபிமொழியைக் கற்பிக்கிறோமோ, அதே நபிமொழியின் உள்ளே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

மறுவாரம் மதரஸாவில் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், அந்தப் பொம்பளையும் மறந்துதான் அடைச்சுட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றோம். அறியாமல் செய்த தவறையும் மறதியையும் அல்லாஹ் இந்தச் சமுதாயத்திற்கு மன்னித்திருக்கிறான் என்று விளக்கினோம். அவன் விடவில்லை. "அப்ப அடுத்த தடவையும் மறந்துட்டா, ஹஜ்ரத்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. மறதி மன்னிக்கப்படலாம். மறப்போம் என்று தெரிந்த பிறகும் வீட்டை அப்படியே வைத்திருப்பது மறதி ஆகாது, அது அலட்சியம். அந்த நபிமொழி இரண்டு வழிகளைச் சொல்கிறது: உணவு கொடுத்தல், அல்லது அதன் போக்கில் விட்டுவிடுதல். நாங்கள் முதல் வழியை மட்டுமே கற்பித்து வந்தோம். கொடுக்கும் கை மறந்துபோகும் நாளிலும் திறந்திருக்கும் ஒரு வழியைப் பற்றி நினைத்ததே இல்லை. பூனைக்கென்று கதவில் ஒரு சிறுவாசல் வைப்பது என்று அன்று முடிவு செய்தோம்.

ஆசாரியை அழைத்துக் கொல்லைக் கதவைக் காட்டினோம். அத்தா காலத்தில் செய்த வேப்பமரக் கதவு அது. அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கதவுல ஓட்டை போடச் சொல்றீங்களே பாய், பூனைக்கா?" என்று சிரித்தார். இது புதிய பழக்கமன்று என்று அவருக்குச் சொன்னோம். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரப் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்தின் அடியிலுள்ள கதவில் பூனைக்காக அறுத்த வட்டத் துளை இன்றும் இருக்கிறது. பூனையின் பராமரிப்புக்குப் பணம் கொடுத்த பதிவுகளும் அப்பேராலயத்தின் பழங்கணக்குகளில் உண்டு. நம் முன்னோரும் குறைந்தவர்கள் அல்லர். 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் பூனைகளுக்கென ஒரு தோட்டத்தையே வக்ஃபு செய்தார். 19-ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர், அந்த வக்ஃபின் தொடர்ச்சியாகக் காழியின் நீதிமன்ற முற்றத்தில் நாள்தோறும் பிற்பகலில் பூனைகளுக்கு உணவு வைக்கப்பட்டதை எழுதியிருக்கிறார்.

ஆசாரி ஒப்புக்கொண்டார். ஆனால் அம்மா ஒப்பவில்லை. "பூனை வர்ற வழியில பாம்பு வராதா?" என்றார்கள். இது நியாயமான அச்சம். ஆற்றங்கரை ஊர் இது. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களையே அது பெரும்பாலும் தீண்டுகிறது. மேலும், இரவில் கதவுகளை அல்லாஹ்வின் பெயர் கூறிச் சாத்துமாறும், பாத்திரங்களை மூடுமாறும், விளக்குகளை அணைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு அதில் ஒரு துளையைத் திறந்து வைத்தால் அந்தக் கட்டளைக்கு என்ன பொருள்?

விடை தேடியபோது, பூனையைப் பற்றிய இன்னொரு நபிமொழி நினைவுக்கு வந்தது. அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களின் மருமகள் கப்ஷா அம்மையார் ஒளுச் செய்யத் தண்ணீர் வைத்தார்கள். அந்நேரம் ஒரு பூனை வந்தது. அது குடிப்பதற்கு வசதியாக அபூகதாதா (ரலி) பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து பார்த்தபோது, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவர்களுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் இது உள்ளது. சுற்றி வருபவர்கள் என்பதற்கு அங்கே வரும் சொல் 'தவ்வாஃபீன்'.

இதே சொல் குர்ஆனில் அந்நூர் அத்தியாயத்தின் 58-ஆவது வசனத்தில், வீட்டுப் பணியாளர்களையும் சிறுவர்களையும் பற்றி வருகிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் அவர்கள் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும். மற்ற நேரங்களில் தாராளமாக வந்து போகலாம். சுற்றி வருபவர்களுக்கு எப்போதும் மூடிய கதவும் இல்லை, எப்போதும் திறந்த கதவும் இல்லை. திறப்பதற்கு ஒரு நேரம், சாத்துவதற்கு ஒரு நேரம். அம்மாவின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. சிறுவாசலுக்கு உட்புறத்தில் ஒரு தாழ்ப்பாள். இஷாவுக்குப் பின், பூனையை உள்ளே அழைத்துவிட்டு, பிஸ்மி சொல்லித் தாழிட வேண்டும். ஸுப்ஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் திறக்க வேண்டும். அம்மா சம்மதித்தார்கள்.

செய்ய விரும்புவோருக்காக முறையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் அட்டையில் வாசலை வெட்டிப் பூனை நுழைகிறதா என்று பார்த்தோம். எங்கள் பூனைக்கு 15 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் போதுமானதாக இருந்தது. வாசலின் அடி விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. உயரத்தில் அமைந்தது. கதவின் சட்டங்களைத் தொடாமல் நடுப்பலகையில் மட்டும் அளவு குறித்து, நான்கு மூலைகளிலும் துளையிட்டு, ரம்பத்தால் அறுத்தார் ஆசாரி. விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்தார். மூடியாக மெல்லிய அக்ரிலிக் தகட்டை மேலே கீல் வைத்துத் தொங்கவிட்டார். மூடி கனமாக இருந்தால் பூனையின் வால் நசுங்கும். இருபுறமும் ஆடுவதற்காகச் சுற்றிலும் சிறு இடைவெளி விட்டு, காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்கக் கீழே ஒரு சிறு காந்தம் பொருத்தினார். அரை நாள் வேலை.

பூனையைப் பழக்குவதற்குத்தான் நாளானது. முதல் நான்கு நாட்கள் மூடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, மறுபுறம் கருவாட்டுத் துண்டு வைத்தோம். பிறகு பாதி இறக்கினோம். முழுவதும் இறக்கிய நாளில் அது மூடியின் முன் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. அடைபட்ட நினைவு அதற்கு இருந்ததோ என்னவோ, அல்லாஹ்வே அறிவான். அதைப் பிடித்துத் தள்ள வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். பதினோராம் நாள் தானாகவே தலையால் முட்டித் திறந்து வெளியே போனது. இளைய மகள் தக்பீர் முழங்கினாள்.

வாசல் வைத்ததும் கடமைகள் முடிந்துவிடவில்லை. பூனையின் எச்சில் குறித்துச் சட்டம் இலகுவானது. ஷாஃபிஈ மத்ஹபில் அது சுத்தம், ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ் தன்ஸீஹ். ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். ஆகவே இரவுக்கான மண் தட்டை முஸல்லா விரிக்கும் இடத்திலிருந்து தொலைவில், கொல்லைக் கதவின் அருகிலேயே வைத்தோம். வெளியே திரியும் பூனை என்பதால் அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். ஆண்டுதோறும் போட வேண்டும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது.

ஒரு நாள் மிஸ்கீன் பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு சிறுவாசல் வழியாக உள்ளே வந்தது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கும் சட்டம் இருக்கிறது: பறவையையோ உணவையோ அழிக்கும் வழக்கமுள்ள பூனை என்று தெரிந்தால், அது இரவில் செய்தாலும் பகலில் செய்தாலும் உரியவரே ஈடு கொடுக்க வேண்டும். எங்கள் பூனைக்கு இது முதல் தடவை. ஆனாலும் வாசல் திறந்தவர்கள் நாங்கள் அல்லவா? பணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போனோம். "ஒரு குஞ்சுக்கா காசு? போங்க ஹஜ்ரத், பூனைக்கு என்ன தெரியும்?" என்றார். "பூனைக்குத் தெரியாது அக்கா, எங்களுக்குத் தெரியுமே" என்று கொடுத்துவிட்டு வந்தோம். இப்போது அவர் குஞ்சுகளைத் திறந்துவிடும் காலை வேளையில் எங்கள் தாழ்ப்பாள் சற்று நேரம் சாத்தியே இருக்கும்.

சென்ற மாதம் மீண்டும் அரியலூர் பயணம். புறப்படுமுன் ஒவ்வோர் அறையையும் திறந்து பார்த்தோம். மூட்டைகளுக்கு இடையிலும் பார்த்தோம். மிஸ்கீன் கொல்லையில் வேப்பமரத்தடியில் இருப்பதைக் கண்ட பிறகே சிறுவாசலைத் தாழிட்டோம். அதே அக்கா தண்ணீரும் சோறும் வைப்பதாக ஏற்றுக்கொண்டார்.

சாமான் அறைக் கதவில் அந்த நகக்கீறல்கள் அப்படியே இருக்கின்றன. இழைத்துச் சாயம் பூசித் தருவதாக ஆசாரி சொன்னார். வேண்டாம் என்று அம்மா மறுத்துவிட்டார்கள். இந்த ஆண்டு அந்தப் பாடம் வந்தபோது கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதினோம்: உணவு கொடுங்கள். வழியையும் விடுங்கள்.

நம் பொறுப்பில் அல்லாஹ் ஒப்படைத்த எந்த உயிரும் நம் மறதியால் வாடாதிருக்க, அவன் நமக்கு விழிப்பைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.