வெயிலை விற்கும் ஊர்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் கோவில்பட்டியைப் புறவழிச்சாலையிலேயே தாண்டிவிடுவார்கள். நின்றாலும் பத்து நிமிடம்தான். ஒருவர் இறங்கிப்போய்க் கடலைமிட்டாய் வாங்கி வருவார், மற்றவர்கள் ஏ.சி.யை விட்டு அசையமாட்டார்கள். கடல் கிடையாது, அருவி கிடையாது, குளிர்ந்த மலையும் கிடையாது; பிள்ளைகுட்டிகளோடு வந்தால் இங்கே என்ன பார்ப்பது? சென்னையிலிருந்து ரயிலில் வந்திறங்கிய அந்த நால்வர் குடும்பத்துக்கும் அதே சந்தேகம். 'தாத்தா ஊரு, தாத்தா ஊரு' என்று அப்பா ஆசைகாட்டி அழைத்து வந்திருந்தார். "அப்பா, இங்க பீச் இருக்கா?" என்று கேட்டாள் மகள்.

பீச் இல்லை, வெயில் இருக்கிறது. அந்த வெயிலையும் காய்ந்த காற்றையும் முதலாகப் போட்டு இந்தக் கரிசல் பூமி என்னவெல்லாம் தொழில் செய்திருக்கிறது என்று கடை கடையாகப் போனால்தான் தெரியும்.

முதல் கடை மிட்டாய்க்கடை. கடைவீதியில் திரும்பிய பக்கமெல்லாம் கடலைமிட்டாய்தான்: நீளத் துண்டு, சதுரத் துண்டு, உருண்டை. சில கடைகளில் மேலே இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயமேற்றிய தேங்காய்த் துருவலையும் தூவி வைத்திருப்பார்கள். பின்கட்டில் வேலை நடந்துகொண்டிருந்தால், கேட்டால் பார்க்கவிடுவார்கள். கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்து வைத்திருக்கிறார்கள். வாணலியில் வெல்லப்பாகு கொதிக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்துப் பார்க்கிறார் பாகு வைப்பவர். 'டக்'கென்று ஒடிந்தால் பதம். வளைந்தால் இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு ஆறும் முன்னே வெட்டி முடித்துவிட வேண்டும். கை கொஞ்சம் தாமதித்தால் மொத்தமும் ஒரே பாளமாகிவிடும்.

"எத்தன நாள் இருக்கும் அண்ணாச்சி?" என்று அப்பா கேட்டார்.

"காத்துப் படாம டப்பாவுல போட்டு வச்சா ரெண்டு மாசம் ஆனாலும் மொறுமொறுன்னு இருக்கும் சார். மெட்ராஸ் காத்துதான் இதுக்கு ஆகாது, நசநசன்னு இழுத்துக்கிடும். இந்தா பாப்பா, தின்னு பாரு."

முன்பு இந்த மிட்டாயைக் கருப்பட்டிப் பாகில்தான் செய்தார்கள். 1940களில் இங்கே மளிகைக்கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் அதைக் கரும்பு வெல்லத்துக்கு மாற்றினார் என்று ஊரார் சொல்கிறார்கள். 2020 ஏப்ரல் 30 அன்று கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசலில் விளைந்த நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று மூன்றைச் சேர்த்துத்தான் இதன் ருசிக்குக் காரணம் சொல்கிறார்கள். தாமிரபரணி இந்த ஊர் வழியாக ஓடவில்லை. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வருகிறது. தண்ணீரைத் தூரத்திலிருந்து வரவழைத்த ஊர், தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் பண்டத்தில் பேர் வாங்கியிருக்கிறது.

கடலைமிட்டாயோடு திரும்பிவிடக் கூடாது. ஜாங்கிரியைப் போலப் பிழிந்தெடுத்த கருப்பட்டி மிட்டாயும் சீனி மிட்டாயும் கண்ணாடிப் பெட்டிகளில் குவிந்து கிடக்கும். காரச்சேவு தின்ன வேண்டுமென்றால் வடக்கே சாத்தூருக்கு ஒரு நடை போகலாம். சேவும் வெள்ளரிக்காயும் அந்த ஊரின் அடையாளங்கள். இன்னும் மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. அது பால் பண்டம், நாள் தாங்காது. கரிசலின் மற்ற தின்பண்டங்கள் எல்லாம் டப்பாவில் அடைத்து, மகன் வேலைபார்க்கும் ஊருக்கு அனுப்பி வைக்கத் தோதானவை.

இந்தக் காய்ந்த காற்றைத் தின்பண்டக்காரர்களைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் தீப்பெட்டிக்காரர்கள். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியதற்கு மானாவாரி நிலத்தின் அரைவயிற்றுக் கஞ்சி ஒரு காரணம், மழையில்லாத வானம் இன்னொரு காரணம். குச்சி முனையில் தோய்த்த மருந்தும் பெட்டியின் பக்கத்தில் பூசிய மருந்தும் ஈரமில்லாமல் காய வேண்டும். அடைமழை என்றால் வேலை படுத்துவிடும்.

இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். ஒரு காலத்தில் கட்டையில் குச்சி அடுக்குவதும் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவதும் இந்தப் பக்கத்துப் பெண்களின் அன்றாடம். விடியும் முன்னே கிராமம் கிராமமாக வந்து நின்ற ஆபீஸ் பஸ்களில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் ஏறினார்கள். எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' திரைப்படம் அதைத்தான் பேசியது. பிறகு எந்திரங்கள் வந்தன, பழைய ஆபீஸ்கள் பல மூடப்பட்டன. 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி விலை 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. போட்டிக்கு வந்த பிளாஸ்டிக் லைட்டரைத் தடுக்கச் சொல்லி உற்பத்தியாளர்கள் நெடுநாள் கேட்டதன் பேரில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023 ஜூனில் தடைபோட்டது.

பிள்ளைகளுக்கு இதில் பிடித்தது விலைக்கதை அல்ல, லேபிள். மளிகைக்கடையில் பண்டல் பண்டலாகக் கிடக்கும் தீப்பெட்டிகளின் மேல் கிளி, கப்பல், சாவி, தாமரை, சிங்கம். ஒவ்வொன்றிலும் ஒன்று கேட்டு வாங்கினால் நூறு ரூபாய்க்குள் ஓர் ஓவியக் கண்காட்சியே கையில் வந்துவிடும். மகன் அப்படித்தான் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டான். ஊருக்கு ரயிலில் திரும்புவதாக இருந்தால் மட்டும் குச்சிகளை எடுத்துவிட்டுக் காலிப்பெட்டிகளாகக் கொண்டுபோக வேண்டும். தீப்பற்றும் பொருளை ரயிலில் ஏற்றக் கூடாது.

ஊரைவிட்டு வெளியே வந்தால் கரிசல். கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விடலாம். வடகிழக்குப் பருவமழை விழுந்ததும் அதே மண் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, உளுந்தையும் பாசியையும் கம்பையும் சோளத்தையும் பருத்தியையும் மேல்தண்ணீர் இல்லாமலே விளைய வைத்துவிடும். இந்த மானாவாரி வேளாண்மையை ஆராய்வதற்காகவே 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியில் இன்றும் நடக்கிறது. பருத்தி இருந்ததால் பஞ்சாலை வந்தது. 1876இல் போட்ட ரயில்பாதை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வழிவிட்டது. ஆலைச்சங்கும் ரயிலும் சேர்ந்து ஒரு சந்தைக் கிராமத்தை நகரமாக்கின.

மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில், முருகன் குடைவரைக்குள் இருக்கிறார். மலைமேல் வெட்டுவான் கோயில்: 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, ஏதோ காரணத்தால் பாதியில் விட்ட வேலை. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் வெட்டியதுதான்; அது பிரம்மாண்டம், இது கைக்கடக்கம். விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத சிற்பம் அது. பக்கத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். குரங்குகள் உண்டு, பையில் தின்பண்டம் தெரியக் கூடாது. கடலைமிட்டாயைக் காரிலேயே விட்டுவந்த அம்மாவின் முன்யோசனையை அங்கே எல்லாரும் மெச்சினார்கள்.

கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் எட்டயபுரம். சனிக்கிழமை போனால் இரண்டு காட்சிகள். ஒன்று ஆட்டுச்சந்தை. இந்த வட்டாரத்துக்கே உரிய கன்னி ஆடுகளை அங்கே பார்க்கலாம்: கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடுகள். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. உயரமாக, ஒல்லியாக நிற்பவை கொடி ஆடுகள். முள்ளையும் சருகையும் மேய்ந்து வறட்சியைத் தாங்கும் இனங்கள். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய சந்தைகளில் கால் வைக்க இடமிருக்காது.

இன்னொன்று, 1882 டிசம்பர் 11 அன்று பாரதி பிறந்த வீடு. அங்கிருந்து மணிமண்டபத்துக்குப் போகலாம். கல்கி முன்னின்று மக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டிய மண்டபத்தை, அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்த ராஜாஜி 1947 அக்டோபரில் திறந்துவைத்தார். சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அதே ஊரில் 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் மணிமண்டபமும் இருக்கின்றன. ஒரு சின்ன ஊரில் கவிதையும் கர்நாடக இசையும் இஸ்லாமியக் காப்பியமும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கின்றன.

எழுத்து என்றால் தெற்கே இடைசெவலையும் சொல்ல வேண்டும். நெல்லை போகும் நெடுஞ்சாலையோரத்து இந்தக் கிராமத்தில்தான் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் அடுத்தடுத்துப் பிறந்து சேர்ந்து வளர்ந்தார்கள். அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991, பூமணிக்கு 2014, உருளைகுடி சோ.தர்மனுக்கு 2019: கோவில்பட்டியைச் சுற்றிய கிராமங்களுக்குக் கிடைத்த சாகித்ய அகாதெமி விருதுகள் இவை. தர்மன் விருது வாங்கிய 'சூல்' நாவலே ஒரு கண்மாயின் கதை. 2021இல் கி.ரா. மறைந்த பிறகு கோவில்பட்டியில் அரசு அவருக்குச் சிலையும் நினைவரங்கமும் அமைத்தது. இடைசெவலுக்கும் தெற்கே கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் நடிகர் சிவாஜி கணேசன் தம் செலவில் நிறுவிய சிலை நிற்கிறது. சுற்றிலும் காற்றாலைகள். வெயிலைப் போலவே காற்றும் இங்கே விளைச்சலாகிவிட்டது.

மாலை ஐந்து மணிக்கு ஊருக்குள் திரும்பினால் ஹாக்கி மைதானம். கோவில்பட்டியை 'ஹாக்கிப்பட்டி' என்று செல்லமாகச் சொல்வார்கள். செயற்கைப் புல்தரை மைதானத்தில் பயிற்சி பார்க்கும் கூட்டத்தில் பாட்டிகளும் உண்டு. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். மட்டையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு ஓரமாக நின்ற மகளிடம் ஒரு வீராங்கனை, "பிடிச்சுப் பாரு பாப்பா, இடது கை மேல இருக்கணும்" என்று சொல்லித் தந்தாள். பீச் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

வருவதற்கு ஐப்பசி முதல் தை வரை நல்ல காலம். வெயில் தணிந்திருக்கும், காடெல்லாம் பச்சை. ஐப்பசியில் செண்பகவல்லி அம்மன் கோயில் திருக்கல்யாணத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கழுகுமலைக்கும் எட்டயபுரத்துக்கும் டவுன் பஸ், ஆட்டோ, வாடகைக் கார் எதுவும் கிடைக்கும். கடலைமிட்டாயைக் கிளம்பும் நாளில், அன்று போட்டதா என்று கேட்டு வாங்குவது நல்லது. மழை பெய்த மறுநாள் மட்டும் போட்டோ எடுக்கிற ஆசையில் செருப்புக்காலோடு வயலில் இறங்க வேண்டாம். கரிசல் ஈரமானால் காலைப் பிடித்துக்கொள்ளும்; கால் வந்துவிடும், செருப்பு வராது. கடைவீதியில் செருப்புக்கடைகளுக்கும் குறைவில்லை.