வெஸ்ட்வேர்ல்டும் எங்க அப்பாவும்

பழைய படம் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராகத் திரும்ப எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "நல்லா இருக்கறதை ஏன் கெடுக்கணும்?" என்பது அம்மா கட்சி. "என்னதான் செஞ்சிருக்காங்கன்னு பார்ப்போமே" என்பது என் கட்சி. அப்பா எதிலும் சேரமாட்டார். அவர் படம் பார்க்கும் விதமே வேறு.

அப்பா தூத்துக்குடிக்காரர். ஜெபல் அலி துறைமுகத்தில் 20 வருடத்துக்கு மேல் கன்டெய்னர் கிரேன் ஓட்டினார். தரையிலிருந்து வெகு உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து, குனிந்து, கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டே பெட்டியைத் தூக்க வேண்டும். நான் துபாயில் பிறந்து, எம்.இ. முடித்துவிட்டு, இப்போது அதே ஜெபல் அலியில் ஃப்ரீ ஸோன் கிடங்குகளுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கிறேன். அவர் இயந்திரத்தை ஓட்டியவர். நான் இயந்திரம் தானாக ஓடுவதற்கு வழி செய்கிறவன். அறிவியல் புனைகதைப் படம் பார்க்க உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் பேச்சு சூடாவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு 'வெஸ்ட்வேர்ல்ட்' படத்தைப் போட்டேன். 1973இல் வந்த அமெரிக்கப் படம். எழுதி இயக்கியவர் மைக்கேல் கிரைட்டன். பெயர் எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? 'ஜுராசிக் பார்க்' நாவலை எழுதியவரும் அவர்தான். அந்த நாவல் வந்தது 1990இல். ஒரு கேளிக்கைப் பூங்கா, அதில் மனிதன் உண்டாக்கிய அதிசயங்கள், ஒருநாள் எல்லாம் கைமீறிப் போவது என்ற கதையை அவர் 17 வருடம் முன்பே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். டைனோசாருக்குப் பதில் அங்கே ரோபோக்கள்.

கதை சுருக்கமாக இதுதான். ஒரு நாளைக்கு 1000 டாலர் கட்டினால் பழைய அமெரிக்க மேற்குப் பகுதியைப் போலவே அமைத்த ஊரில் கௌபாயாக வாழலாம். அங்கே சுற்றுவதெல்லாம் மனிதனைப்போலவே இருக்கும் ரோபோக்கள். கைவிரல்களை மட்டும் இன்னும் சரியாகச் செய்யவரவில்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விருந்தினர் துப்பாக்கியால் ரோபோவைச் சுடலாம், மனிதரைச் சுட முடியாது. எதிரே இருப்பது உடல்சூடு உள்ள ஆள் என்றால் துப்பாக்கி வெடிக்காது, உள்ளே உணர்கருவி இருக்கிறது. பிறகு ரோபோக்களுக்கு நோய்போல ஒரு கோளாறு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிறது. 'வைரஸ்' என்ற சொல் கணினியோடு சேர்ந்து நமக்கெல்லாம் பழகுவதற்குப் பல வருடம் முன்பு! கறுப்பு உடை போட்ட துப்பாக்கிக்கார ரோபோ ஒருவன் விருந்தினரைத் துரத்த ஆரம்பிக்கிறான். அவன் கண்ணால் உலகம் எப்படித் தெரியும் என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டுவார்கள். முழுநீளத் திரைப்படம் ஒன்றில் கணினியால் படத்தை மாற்றிக் காட்டியது அதுதான் முதல்முறை.

நான் இதையெல்லாம் அப்பாவுக்கு ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கௌபாயைக் கவனிக்கவே இல்லை. இரவில் வண்டியோடு வந்து, விழுந்து கிடக்கும் ரோபோக்களை அள்ளிக்கொண்டு போய்க் கீழ்த்தளத்தில் பழுதுபார்க்கும் ஆட்களைத்தான் பார்த்தார்.

"நைட் ஷிஃப்ட் ஆளுங்க. இவங்க பேரு என்னல?"

"பேரு சொல்லலப்பா."

"சொல்ல மாட்டான்."

கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள், ரோபோக்களை நிறுத்துவதற்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். கூடவே அறையின் கதவும் செத்துப்போகும். திறக்க வழியில்லை, காற்றும் வராது. உள்ளே இருந்த அத்தனை பேரும் மூச்சுமுட்டிச் சாவார்கள். அப்பா எழுந்தே விட்டார்.

"ஏல, கையால திறக்க ஒரு லீவர் வைக்கலியா? எவம்ல இதுக்குக் கையெழுத்துப் போட்டது?"

இது சிரிப்பதற்கான கேள்வி இல்லை. கிரேனில் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பெட்டி விழாது. பிரேக்கைப் பிடித்துவைப்பது ஸ்பிரிங். அதை விடுவிப்பதற்குத்தான் மின்சாரம் வேண்டும். ஆகவே மின்சாரம் நின்றதும் பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும். கதவுக்கு இதே விதி நேர்மாறு. மின்சாரம் போனால் அது திறந்துகொள்ள வேண்டும், அல்லது கையால் திறக்க வர வேண்டும். எது கெட்டுப்போனால் எது பத்திரம் என்று யோசிப்பதுதான் எங்கள் படிப்பின் பாதி. அந்தப் பூங்காவைக் கட்டியவர்கள் விருந்தினரின் துப்பாக்கிக்கு உணர்கருவி வைத்தார்கள். வேலைக்காரர்களின் கதவுக்கு ஒரு கைப்பிடி வைக்கவில்லை.

இந்த மாதிரிப் படங்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகும் ஆசை புதிதல்ல. 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' 1974இல் தொடரானது. 'லோகன்ஸ் ரன்' 1977இல் தொடரானது. இரண்டும் 14 அத்தியாயத்தோடு முடிந்தன. 1980இல் 'பியாண்ட் வெஸ்ட்வேர்ல்ட்' என்று ஒன்று வந்தது. 5 அத்தியாயம் எடுத்து, 3 ஒளிபரப்பி, நிறுத்திவிட்டார்கள். படத்தில் இருந்த ரோபோவை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு வில்லத்தனம், வாரம் ஒரு துரத்தல் என்று ஓட்டப் பார்த்தார்கள். உடையும் செட்டும் மாறி வந்தனவே தவிர, புதிதாகக் கேட்க அவர்களிடம் கேள்வி இல்லை.

2016இல் ஜானதன் நோலனும் லிசா ஜாயும் சேர்ந்து எச்.பி.ஓ.வுக்காக அதே கதையை மறுபடி எடுத்தபோது ஒரு காரியம் செய்தார்கள். கேமராவை இந்தப் பக்கத்திலிருந்து தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். படத்தில் நாம் விருந்தினரோடு ஓடுகிறோம், ரோபோவைப் பார்த்துப் பயப்படுகிறோம். தொடரில் டொலோரஸ் என்ற ரோபோப் பெண்ணோடு காலையில் கண்விழிக்கிறோம். அவளுக்குத் தினமும் அதே காலை, அதே வார்த்தை. இரவில் யாராவது வந்து துன்புறுத்துவார்கள். பிறகு நினைவை அழித்து, உடம்பைச் சரிசெய்து, மறுநாள் அதே இடத்தில் நிறுத்துவார்கள். ஒருநாள் அழியாத நினைவு ஒன்று மிச்சம் இருந்துவிடுகிறது. அங்கேதான் கதை தொடங்குகிறது. கீழ்த்தளத்தில் பழுதுபார்க்கும் ஆட்களுக்கும் இதில் பெயர் உண்டு: ஃபீலிக்ஸ், சில்வெஸ்டர். அப்பாவிடம் சொன்னேன். "43 வருஷம் ஆயிருக்கு பேரு வைக்க" என்றார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர் பெரியவர்களுக்கானது. அவசரப்பட வேண்டாம், வளர்ந்தபிறகு பார்க்கலாம்.

அந்தத் தொடரில் ரோபோக்களுக்கு வைத்த பெயர் 'ஹோஸ்ட்'. விருந்தளிப்பவர், வீட்டுக்காரர் என்று அர்த்தம். பணம் கட்டி வருகிறவர் 'கெஸ்ட்', விருந்தாளி. வீட்டுக்காரருக்கு வீட்டில் ஓர் உரிமையும் கிடையாது. விருந்தாளி எதை வேண்டுமானாலும் செய்யலாம். இந்த இரண்டு சொல்லையும் கேட்டதும் எனக்கு வேறொன்று தோன்றியது. வளைகுடாவில் பிறந்து வளர்ந்த உங்களுக்கும் தோன்றும். இங்கே நம்மை விருந்தினர் என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் விருந்தைச் சமைப்பது, பரிமாறுவது, பெட்டியைத் தூக்குவது, கட்டடம் எழுப்புவது எல்லாம் இந்த விருந்தினர்தான். நான் பிறந்த ஊரில் நான் யார்? விசாவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. தொடருக்கும் விடை தெரியாது. ஆனால் கேள்வியைச் சரியான வார்த்தையில் கேட்டது.

2018இல் வந்த இரண்டாம் பருவத்தின் மூன்றாவது அத்தியாயம் இந்தியாவில் தொடங்கும். நிஜ இந்தியா அல்ல. பூங்காவின் இன்னொரு பகுதியில் வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தை அப்படியே கட்டியிருப்பார்கள். சிதார் ஒலிக்க, யானை, புலி வேட்டை, பங்களா, பணிவிடை செய்யும் நம்மவர்கள். நம்மவர்கள் எல்லோரும் ரோபோ. அந்தக் காட்சியை மட்டும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"காசு குடுத்து துரையா இருக்க வாராங்களோ?" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "அங்கேயும் நம்மாளுங்கதான் தட்டு தூக்குறான்" என்றார்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. காரணம் தொடர் மட்டும் அல்ல. நான் அமைத்துக் கொடுத்த ஒரு கிடங்கில், ஒரு ஷிஃப்டில் 14 பேர் பார்த்த வேலையை இப்போது 5 பேர் பார்க்கிறார்கள். மீதி 9 பேரில் சிலர் வேறு கிடங்குக்குப் போனார்கள். சிலர் விசா முடிந்து ஊருக்குப் போனார்கள். அவர்களில் சிலருடைய முகம் எனக்குத் தெரியும். பயிற்சியின்போது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மிஷின் வரத்தான்ல செய்யும். உங்க தாத்தா ஹார்பர்ல மூட்டை சுமந்தாரு. கன்டெய்னர் வந்து அந்த வேலையைத் தின்னுட்டு. அந்தக் கன்டெய்னரைத் தூக்கத்தான் நான் கப்பலேறாம பிளேன் ஏறி வந்தேன். மிஷின் மேல எனக்குக் கோவம் இல்ல. கதவுக்கு லீவர் வைக்காதவன் மேலதான் கோவம்."

அதிலிருந்து எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறேன். இது நின்றுபோனால் உள்ளே இருக்கும் ஆள் என்ன செய்வார்? இது ஓட ஆரம்பித்தால் வெளியே போகும் ஆள் என்ன செய்வார்? முதல் கேள்விக்கு எல்லோரும் படம் வரைந்து பதில் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு அறையில் அமைதி. போன முறை மட்டும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய 4 பேரை அதே இயந்திரத்தைப் பராமரிக்கப் பழக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். 4 பேர்தான். ஆனாலும் 4 பேர்.

தமிழில் இப்படித் திரும்ப எடுக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அதில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குச் சொந்த புத்தி உண்டு. எச்.பி.ஓ. டொலோரஸைக் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே நாம் இயந்திரத்தின் பக்கம் நின்று பார்த்துவிட்டோம். ஆனால் அது நாவலிலிருந்து வந்தது. படம் என்றால் நான் கைகாட்டுவது 1963இல் வந்த 'கலை அரசி'. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தது, ஏ. காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக்கிரகத்தில் இசை தெரிந்தவர் இல்லை. அதனால் பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து, நன்றாகப் பாடும் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள், தங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லி. தூக்கிப்போகிறவர் நம்பியார்! நாயகன் பின்னாலேயே போய் மீட்பார்.

சின்ன வயதில் பார்த்தபோது செட்டைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. திறமை இருக்கிறது என்று ஒருத்தியை விமானத்தில் ஏற்றுகிறார்கள். போன இடத்தில் மொழி வேறு, சாப்பாடு வேறு, நினைத்தபோது திரும்ப முடியாது. இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் அல்லவா? இதை 8 அத்தியாயமாக எடுத்தால், பறக்கும் தட்டை எப்படி அழகாகக் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கேமராவை நாயகனிடமிருந்து வாங்கி அந்தப் பாடகியின் கையில் கொடுத்தால் போதும். முதல் நாள் இரவு அவள் என்ன நினைத்தாள், யாருக்கு எழுத ஆசைப்பட்டாள், அவளிடம் பாட்டுக் கற்ற பிள்ளைகள் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை.

நீங்கள் செய்துபாருங்கள். உங்களுக்குப் பிடித்த பழைய படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெயரில்லாமல் வந்துபோகிற ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள். கதவு திறப்பவர், வண்டி ஓட்டுபவர், பழுதுபார்ப்பவர் யாராக இருந்தாலும் சரி. முதல் அத்தியாயத்தை அவர் காலையில் எழுவதிலிருந்து எழுதுங்கள். எழுதி முடித்தால் உங்கள் வீட்டில் ஷிஃப்டுக்குப் போய்வருகிறவரிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். லீவர் எங்கே என்று அவர் கேட்டால், அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.