கணக்கில் வராத மணிநேரம்

எங்கள் திண்டுக்கல் சமவெளியில் மண் தோண்டும் இயந்திரங்களுக்கு இரண்டே பெயர்கள்தாம். டயரில் ஓடினால் ஜேசிபி. சங்கிலிப் பட்டையில் ஊர்ந்தால் ஹிட்டாச்சி. செய்தித்தாள்கள் மட்டும், ஆக்கிரமிப்பு அகற்றப்பட்ட செய்திகளில், இன்றும் பொக்லைன் என்றே எழுதுகின்றன. மூன்றுமே நிறுவனப் பெயர்கள். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவர் 1945இல் இங்கிலாந்தின் யூட்டாக்ஸிட்டர் என்னும் சிற்றூரில், வாடகைக்கு எடுத்த சிறிய கொட்டகையில் தொடங்கிய தொழில் அவர் பெயரின் முதலெழுத்துகளால் ஜேசிபி ஆனது; 1979இல் இந்தியாவில் உற்பத்தியைத் தொடங்கியது. ஹிட்டாச்சி ஜப்பானிலிருந்து டாட்டாவின் கைகோத்து வந்தது. பொக்லைன் ஒரு பிரெஞ்சு நிறுவனம். எல் அண்ட் டி வழியாக இங்கே அறிமுகமானது. இன்று ஹைட்ராலிக் பம்புகளையும் மோட்டார்களையும் செய்கிற அந்தப் பெயர், தோண்டும் இயந்திரங்களை விட்டு நெடுங்காலமாகிறது. பிரான்சில் மறக்கப்பட்ட ஒரு பொருள் தமிழ்ச் செய்தியாளரின் பேனாவில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

இயந்திரங்களுக்கு இத்தனை பெயர்கள் இருக்க, அவற்றை இயக்குபவருக்கு ஆபரேட்டர் என்ற பொதுப்பெயர் ஒன்றே உண்டு. அவருக்குப் பக்கத்தில் ஒண்டி நின்று தொழில் கற்பவனுக்கு ஹெல்பர் என்று பெயர். அந்த ஹெல்பரைப் பற்றித்தான் இங்கே சில சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் நிலத்தின் இயல்பை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனிமலைத் தொடர். நடுவே மழை மறைவில் கிடக்கும் செம்மண் பூமி. குடகனாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே ஓடுகிறது. மேலே இரண்டு முழம் செம்மண், அதன்கீழே சுக்காம்பாறை, அதற்கும் கீழே இரும்பை ஒத்த கருங்கல். இந்த மண்ணில் தண்ணீர் வேண்டுமென்றால் பாறையை உடைத்துத்தான் ஆக வேண்டும். வேடசந்தூர், வடமதுரைப் பக்கங்களில் வீடு கொள்ளுமளவுக்கு அகன்ற கிணறுகளைக் காணலாம். அவற்றை வெட்டியவை போயர் குடும்பங்களின் கைகள். கடப்பாரையால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டுப் பாறையின் வெடிப்பு எப்பக்கம் ஓடுகிறது என்று சொல்லும் பெரியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு யாரும் சான்றிதழ் தந்ததில்லை. தகப்பன் வெட்டிய குழியில் மண் சுமந்த பிள்ளை, ஒருநாள் கடப்பாரையைக் கையில் வாங்கினான். அதுவே பட்டமளிப்பு.

இயந்திரம் எங்களிடம் வந்த வேளையும் விசித்திரமானது. 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தபோது, தமிழகத்தில் முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. கூடுமானவரை மனித உழைப்பே பயன்பட வேண்டும், இயந்திரம் கூடாது, ஒப்பந்தக்காரர் கூடாது என்பது அச்சட்டத்தின் விதி. அதே ஆண்டுகளில்தான், வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டி நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டது. ஒரு புறம் கண்மாய்க்குள் பெண்கள் மண்வெட்டியால் வெட்டிய குழியை நாடாப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். மறுபுறம், அவர்களது ஒரு நாள் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும் இரும்புக் கைகள் சாலையோரம் வரிசையாக நின்றன. அம்மா கண்மாய்க்கும் மகன் சாலைக்குமாகப் பிரிந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் பல. சாலைக்குப் போன மகன்களில் பலர் ஹெல்பர்களானார்கள்.

ஹெல்பரின் கல்வி கிரீஸில் தொடங்குகிறது. பொழுது விடியுமுன்னே எழுந்து பூம், ஆர்ம், பக்கெட் மூன்றையும் இணைக்கும் பின்களுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். ஒரு முனையைத் தவற விட்டால் புஷ் தேயும். தேய்ந்த புஷ்ஷோடு ஓடும் வண்டியில் பக்கெட் ஆடும். ஆடும் பக்கெட்டால் மட்டம் பார்த்து வெட்ட முடியாது. பிறகு டீசல், ஹைட்ராலிக் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர். ஹோஸ் குழாயில் கசிவு உண்டா, பக்கெட் பற்களில் ஏதேனும் கழன்றிருக்கிறதா என்ற சோதனை. பகல் முழுவதும் கீழே நின்று கைகாட்ட வேண்டும்: மேலே மின்கம்பி, பின்னே கிணறு, பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகள். ஆபரேட்டர் சாப்பிட இறங்கும் அரைமணி நேரம்தான் அவனுடைய வகுப்பு. யாருக்கும் பயன்படாத மண்மேட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுவான். மீண்டும் பழைய இடத்துக்கே மாற்றுவான். டீசல் வீணாவதாக வண்டி முதலாளி கண்டுவிட்டால் அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தோன்றும் வேலை இது. ஹிட்டாச்சியில் இரு கைகளுக்கும் இரு நெம்புகோல்கள். பரவலாக உள்ள அமைப்பில் இடக்கை வண்டியின் உடலைச் சுழற்றும், ஆர்மை நீட்டி மடக்கும். வலக்கை பூமை ஏற்றி இறக்கும், பக்கெட்டைச் சுருட்டி விரிக்கும். வேறொரு அமைப்பில் பூமும் ஆர்மும் கை மாறியிருக்கும். ஒன்றில் பழகிய கை மற்றதில் ஏறினால், தூக்க வேண்டிய இடத்தில் நீட்டிவிடும். புதியவன் நான்கு அசைவுகளையும் ஒவ்வொன்றாகச் செய்கிறான், வண்டி குலுங்குகிறது. தேர்ந்தவர் நான்கையும் ஒரே அசைவாகச் செய்கிறார். ஆர்மை மட்டும் இழுத்தால் பக்கெட்டின் பல் வில்லாக வளைந்துதான் போகும். தரை நேர்கோடாக வர வேண்டுமெனில், ஆர்ம் உள்ளே வர வர பூம் முதலில் ஏறிப் பின் தாழ வேண்டும். பக்கெட்டின் கோணமும் அதற்கேற்பத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதுவதற்குக்கூட மூச்சு முட்டும் இந்தக் கணக்கை, தேநீரைப் பற்றிப் பேசிக்கொண்டே கைகள் செய்து முடிக்கின்றன.

கையை விடவும் அரிது காது. பல் பாறையைத் தொட்டதும் இன்ஜினின் குரல் மாறும். அது கருங்கல்லா, இன்னும் கொஞ்சம் முயன்றால் உடையும் சுக்காம்பாறையா என்பதை அந்தக் குரலில் கேட்டறிகிறார்கள். கடப்பாரையின் ஓசையைக் கேட்ட பெரியவர்களின் அறிவு, இரும்புக் கூண்டுக்குள் ஏறி அமர்ந்து இன்னும் உயிரோடிருக்கிறது. அது நின்றுபோகாமல் கைமாறிக்கொண்டிருப்பதற்குக் காரணம், இந்த ஹெல்பர் ஏற்பாடு ஒன்றுதான்.

ஏட்டில் இத்தொழிலுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டுமான இயந்திர வாகனத்துக்கு வரையறை தருகின்றன. ஆனால் அது டயரில் ஓடுவதைப் பற்றியது. இரும்புச் சங்கிலியில் ஊரும் ஹிட்டாச்சி சாலையில் ஓடுவதில்லை. டிரெய்லரில் ஏறித்தான் போகிறது. சாலைக்கான உரிமம் சாலையில் ஓட்டும் திறனைச் சோதிக்கிறது. குழியின் விளிம்பில் நிற்கும் திறனை அது கேட்பதில்லை. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் திறந்த கல்குவாரியையும் சுரங்கமாகவே கருதியது. 1966இல் வந்த தொழிற்பயிற்சி விதிகள் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்பவருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. எங்கள் பக்கத்துக் குவாரிகளில் கல் உடைத்தவர்களில் அந்த விதியைக் கேள்விப்பட்ட ஒருவரையேனும் நாங்கள் சந்தித்ததில்லை. பின்னர் 2015இல் பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டம் வந்தது. அதில் ஒரு பிரிவு, முன்பே தொழில் தெரிந்தவரை மதிப்பிட்டுச் சான்று வழங்குவது. உள்கட்டமைப்பு இயந்திரங்களுக்கென்றே ஒரு திறன் மன்றமும், ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் தனித்தனித் தகுதி வரையறையும் இருக்கின்றன. வெளிநாட்டு வேலைக்கோ பெரிய நிறுவன வேலைக்கோ போகிறவர்களிடம் இந்தத் தாள்களைக் கேட்கிறார்கள். தாள்களுக்குத் தேவை ஏற்பட்டதும், ஒரு மாதத்தில் ஆபரேட்டராக்கித் தருவதாகச் சொல்லும் பயிற்சி மையங்களின் துண்டறிக்கைகள் பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்பட்டன.

அப்படியொரு துண்டறிக்கையோடு எங்கள் தெருவிலுள்ள ஓர் அம்மா வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன். கட்டணத்துக்குத் தோட்டை அடகு வைக்க வேண்டும். “இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க தம்பி, சேத்து விடலாமா?” என்றார். படித்தோம். எத்தனை நாள் வகுப்பு என்று போட்டிருந்தது. வெளிநாட்டுச் சம்பளம் எவ்வளவு என்று போட்டிருந்தது. ஒரு மாணவன் இயந்திரத்தில் எத்தனை மணிநேரம் அமர்வான் என்பது மட்டும் எங்கும் இல்லை. முடிவு சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லாததால், பழக்கமான ஓர் ஆபரேட்டரிடம் அழைத்துப் போனோம்.

அவர் பயிற்சி மையத்தைத் தூற்றவில்லை. “கோர்ஸ் முடிச்ச பசங்க ரெண்டு பேரு எங்க சைட்டுக்கு வந்தாய்ங்க சார். லீவர் நல்லாத்தான் பிடிக்கிறாய்ங்க. எங்களுக்குத் தெரியாத மீட்டரெல்லாம் அவங்களுக்குத் தெரியுது. ஆனா கண்மாய்க் கரையில வண்டிய நிறுத்துன்னா, எந்த மண்ணு தாங்கும், எது சரியும்னு தெரியல” என்றார். சற்று நேரம் கழித்து அந்த அம்மாவிடம் திரும்பி, “எங்கிட்ட விட்டாலும் நல்லதுன்னு சொல்ல மாட்டேன்க்கா. நான் பதினஞ்சு வயசுல ஏறுனேன். ரெண்டரை வருசம் சோறும் டீயும்தான். ஒருநா பக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டத் தெரிஞ்சேன். மாட்டியிருந்தா என்னய யாருன்னு எழுதியிருப்பாய்ங்க?” என்றார்.

அந்தக் கேள்விதான் எங்களை இதை எழுத வைத்தது. ஆபரேட்டருக்குச் சம்பளமும் பேட்டாவும் உண்டு. வண்டிக்குக் காப்பீடு உண்டு. ஹெல்பர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கூண்டுக்குள் இருக்கை ஒன்றே ஒன்று. அவன் அதன் ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறான். சட்டம் அவனைத் தொழிலாளி என்று அறியாது. பள்ளி அவனை மாணவன் என்று அறியாது. குருகுலத்தைப் புகழ்ந்து எழுதுவது எங்களைப் போன்றோருக்கு எளிது. சம்பளமில்லாத இரண்டரை ஆண்டுகளை அந்தப் புகழ்ச்சியின் அடியில் புதைத்துவிடவும் கூடும்.

இங்கிலாந்தில் 2003 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கட்டுமான இயந்திரம் கற்றுத் தேர்வு எழுதியவருக்கு முதலில் சிவப்பு அட்டை தருகிறார்கள். பயிற்சி பெற்றவர் என்று அதற்குப் பொருள். பணியிடத்தில் வேலை செய்து, அனுபவத்துக்குச் சான்று காட்டி, தொழிற்தகுதியையும் பெற்ற பிறகே நீல அட்டை. அதன் பொருள் தேர்ந்தவர் என்பது. பயின்றவரும் தேர்ந்தவரும் வேறு வேறு என்பதை ஓர் அலுவலகம் ஒப்புக்கொண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. எங்கள் ஹெல்பர் வாழ்வது முழுக்க முழுக்க அந்த இடைப்பட்ட காலத்தில்தான். இங்கே அதற்குப் பெயரில்லை.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு இயந்திரத்திலும் மணி காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஓடிய நேரத்தை அது பிசகாமல் சேர்த்துக்கொண்டே போகிறது. வாடகை அதை வைத்துத்தான்; எண்ணெய் மாற்றுவது அதை வைத்துத்தான்; பழைய வண்டியை வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பதும் அதைத்தான். இரும்பு எத்தனை மணிநேரம் உழைத்தது என்பதற்குக் கணக்கு வைத்திருக்கும் தொழில், அதன் பக்கத்தில் நின்ற பையன் எத்தனை மணிநேரம் கற்றான் என்பதற்கும் ஒரு கணக்கு வைக்கலாம். பதினெட்டு வயது நிரம்பியவன் என்ற உறுதி, நாட்கூலி, காப்பீடு, ஆபரேட்டர் கையொப்பமிட்ட ஒரு பயிற்சிப் பதிவேடு: இவை நான்கும் இருந்தால், மையத்தின் ஒரு மாத வகுப்பும் கண்மாய்க் கரையின் இரண்டு ஆண்டுகளும் ஒரே படிப்பின் இரண்டு பகுதிகளாகிவிடும். சான்றிதழ் தருபவரும் அதைப் பார்த்துத் தரலாம்.

அந்த அம்மாவின் மகனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தோட்டை அடகு வைக்கவில்லை. நாளொன்றுக்கு இவ்வளவு கூலி என்று பேசி முடித்த பிறகே ஆபரேட்டரிடம் விட்டார். பேசியது அவர்தாம், நாங்கள் உடன் நின்றோம். பையன் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறான். தேதி, ஊர், வண்டி, என்ன மண், தானே லீவர் பிடித்த நேரம் எவ்வளவு என்று ஐந்து கட்டங்கள். பெரும்பாலான நாட்களில் கடைசிக் கட்டத்தில் இருபது நிமிடம், அரைமணி என்றே இருக்கிறது. மழை நாட்களில் சுழி. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் கிரீஸ் விரலால் போட்ட ஆபரேட்டரின் கையொப்பம். சென்ற முறை பார்த்தபோது மொத்தம் நாற்பத்தோரு மணிநேரம் ஆகியிருந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று கேட்டான். காட்டுவதற்கு இப்போது இடமில்லை; எழுதுவதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.