நீடித்துழைக்கும் சிற்றியந்திரங்கள்

மனிதருக்கு உண்டாகும் ஆர்வங்கள் பலதிறத்தன. சிலர் தபால் தலைகளைச் சேகரிப்பர். சிலர் புறா வளர்ப்பர். எங்கள் இராஜபாளையம் பகுதியில் நல்ல வேட்டைநாய் ஒன்றை வளர்ப்பதே பெரும் பேறு என்று கருதுவோரும் உளர். என் உள்ளத்தைக் கவர்ந்ததோ உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு யந்திரம். மாதிரி விமானங்களை ஆகாயத்தில் செலுத்தும் அதனைக் குளோ என்ஜின் என்று வழங்குவர். தமிழில் தணல் யந்திரம் எனலாம். அவற்றுள்ளும் வேகத்தினால் பெயர்பெற்றவற்றைக் காட்டிலும், பல வருஷங்கள் தேயாது உழைப்பவற்றின் மீதே எனக்குப் பற்று மிகுதி. அப்பற்றிற்குரிய காரணத்தை நம் கல்லூரி மாணவ நண்பர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் கூற விரும்பியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் அவ்யந்திரம் இயங்கும் விதத்தைச் சிறிது விளக்குவேன். மோட்டார் சைக்கிளின் யந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க ஒவ்வொரு தடவையும் மின்பொறி வேண்டும். தணல் யந்திரத்திற்கு அது வேண்டுவதில்லை. அதன் தலையில் திருகப்பட்டுள்ள சிறு அடைப்பானுள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. தொடக்கத்தில் மட்டும் ஒன்றரை வோல்ட் மின்கலத்தினால் அதனைச் சிவக்கச் செய்து, விமானத்தின் காற்றாடியை விரலால் சுண்டிவிடுவோம். யந்திரம் உறுமி எழுந்ததும் மின்கலத்தை அகற்றிவிடலாம். அதன்பின் மெதனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படுவதனாலும், அமுக்கத்தினால் எழும் வெப்பத்தினாலும் அக்கம்பி தானே தணலாக நின்றுகொண்டிருக்கும். எரியக்கூடிய ஆவி சூழ்ந்த இடத்தில் பிளாட்டினக் கம்பி சுடரின்றியே சிவந்து நிற்கும் என்பதை ஸர் ஹம்ப்ரி டேவி 1817ஆம் வருஷத்திலேயே கண்டறிந்தார். அதனை மாதிரி யந்திரத்திற்குப் பயன்படுத்தி, 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ரே ஆர்டன். அதுவரை பொறியெழுப்பும் சுருளையும் மின்கலத்தையும் சுமந்துகொண்டே பறந்த சிறு விமானங்கள், அன்றுமுதல் அச்சுமை நீங்கப் பெற்றன.

இனி அவ்யந்திரம் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 5.8 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு நடுத்தர யந்திரம் நிமிஷத்திற்குச் சுமார் 10,000 தடவை சுழலும். அதனுள் பிஸ்டன் ஒவ்வொரு சுழற்சியிலும் 18 மில்லிமீட்டர் ஏறி, மீண்டும் 18 மில்லிமீட்டர் இறங்கும். நூறு மணி நேரம் அது ஓடுமாயின், சுழற்சிகள் 6 கோடி. பிஸ்டன் உராய்ந்துசென்ற தூரம் 2,160 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டில்லிக்குப் புகைவண்டியில் செல்லும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவே. கட்டைவிரற் பருமனுள்ள ஒரு பிஸ்டன் அத்தனை தூரம் உராய்ந்து சென்ற பின்னரும் காற்றுக் கசியாமல் பொருந்தி நிற்குமாயின், அதனைச் செய்த கையையும் வைத்துக் காத்த கையையும் வியவாதிருத்தல் எங்ஙனம்?

என் ஊர் செட்டியார்பட்டி. இராஜபாளையத்திற்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கியவாறு அமைந்த சிற்றூர் அது. மாதிரி விமானம் விற்கும் கடையை அங்கே யாரும் கண்டதில்லை. கல்லூரியிற் சேர்ந்து, தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் இடம் பெற்ற பின்னரே அக்கலை எனக்கு அறிமுகமாயிற்று. இரண்டு மெல்லிய கம்பிகளின் நுனியில் விமானத்தைக் கட்டி, கையிலுள்ள பிடியைச் சாய்த்து அதனை ஏற்றியும் இறக்கியும் தம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் முறை ஒன்று உண்டு. வானொலிக் கருவிக்குச் செலவிட வகையில்லாத மாணவர்க்கு ஏற்ற முறை அதுவே. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, கண்மாய்க்கரையை அடுத்த பொட்டலில் அதிகாலையில் பறக்கவிடுவோம். ஆனி, ஆடி மாதங்களில் மலைக்கணவாய் வழியே வீசும் மேல்காற்று விமானத்தையும் கம்பியையும் ஒருங்கே புரட்டிவிடும். ஆதலால் தை முதல் பங்குனி வரையுள்ள காலமே எங்களுக்கு உரியது.

நான் பழகிய யந்திரம் புதிதன்று. எனக்கு மூத்த மாணவர் ஒருவர் படிப்பு முடிந்து செல்லுங்கால் என்னிடம் ஒப்படைத்தது. அவருக்கும் அது அவ்வாறே வந்தது. அதனோடு ஒரு குறிப்பேடும் வந்தது. எந்நாளில் எத்தனை நிமிஷம் ஓடிற்று, எவ்வகை எண்ணெய் இடப்பட்டது, எந்தக் குண்டுத்தாங்கி எப்போது மாற்றப்பட்டது என்பனவெல்லாம் மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் அதில் இருந்தன. அக்காலத்தில் வேறு சில தோழர்கள் பணம் திரட்டி, பெயர் குறிக்க வேண்டாத ஒரு வியாபாரியிடம் மலிவான புது யந்திரம் ஒன்றை வாங்கினர். அது எங்களுடையதைக் காட்டிலும் விரைவாகச் சுழன்றது. ஆயின் ஒரு பருவம் முடிவதற்குள் இணைப்புத்தண்டின் துளை தேய்ந்து ஓசையிடத் தொடங்கிற்று. அதற்குரிய மாற்றுறுப்பு எங்கும் கிடைக்கவில்லை. அந்த வருஷம் அவர்கள் நால்வருக்கும் பயிற்சி நின்றுபோயிற்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு யந்திரம் தேய்ந்தால் இன்னொன்று வரும். ஏனையோர்க்கு அது தேயும் நாளே பயிற்சி முடியும் நாள். நீடித்துழைப்பதன் அருமையை நான் உணர்ந்தது அவ்வாறே.

இதனை எங்கள் ஊர்த் தோட்டக்காரர் நன்கு அறிவர். கமலை போய் ஆயில் என்ஜின் வந்த காலத்தில் வாங்கிய பழைய யந்திரம் ஒன்றை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருந்த ஒருவரை ஒருநாள் கண்டேன். "எப்படி அண்ணாச்சி, இத்தனை வருஷம் தாங்குது?" என்று வினவினேன். "தம்பி, இது எங்கப்பா வாங்கிப் போட்டது. எண்ணெய் பாக்காம ஒருநாளும் கைப்பிடியைச் சுத்தமாட்டேன். சத்தம் மாறினா உடனே நிறுத்திப் போடுவேன். வேற ஒண்ணுமில்லை" என்றார். அவ்விரண்டு விதிகளும் என் கையிலிருந்த சிற்றியந்திரத்திற்கும் முற்றும் பொருந்துவன.

நீண்ட ஆயுளில் ஒரு பாதி தொழிற்சாலையில் அமைகிறது. பழைய முறையில், உருக்கு உருளையினுள் வார்ப்பிரும்புப் பிஸ்டனை மிக நுட்பமாகத் தேய்த்துப் பொருத்துவர். பிற்காலத்தில் குரோமியம் பூசிய பித்தளை உருளையில் அலுமினியப் பிஸ்டனை இயக்கும் முறை தோன்றிற்று. இதில் உருளையின் மேற்பகுதி சற்றே குறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் அங்கே இறுகிப் பிடிக்கும். சூடேறியதும் பித்தளை விரிந்து சரியான இடைவெளி தரும். அமெரிக்காவில் 1940களின் இறுதியில் டியூக் பாக்ஸ் வடித்த 35ஆம் எண் யந்திரம் பல பத்தாண்டுகள் பெரிய மாறுதலின்றி விற்பனையாயிற்று. ஒஸாகாவில் 1936இல் ஷிகேயோ ஓகாவா தொடங்கிய ஓ.எஸ். தொழிற்சாலையும், அதே ஜப்பானில் எனியா குடும்பத்தார் நடத்திய பட்டறையும் உறுதிக்குப் பெயர்பெற்றவை. பழைய எனியா ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து, இறுகிய எண்ணெயைக் கரைத்துவிட்டுச் சுண்டினால் அது மீண்டும் ஓடும் என்பது இக்கலையில் பழகியோர் பலரும் கூறும் செய்தி.

மற்றப் பாதி பறக்கவிடுவோன் கையில் உள்ளது. அதில் முதன்மையானது எண்ணெய். இவ்யந்திரத்திற்குத் தனியே எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு கலந்துசெல்லும் எண்ணெயே எல்லா உறுப்புகளையும் நனைக்கும். நூறு பங்கில் இருபது பங்கு எண்ணெய் என்பது பொது வழக்கு. அவ்வெண்ணெய் யாதெனில், நம் பாட்டிமார் குழந்தைகளுக்குப் புகட்டிய விளக்கெண்ணெயே! ஆமணக்கு வித்திலிருந்து பிழிந்த அந்நெய் மெதனாலில் நன்கு கரையும். கடுஞ்சூட்டிலும் எளிதில் எரிந்துபோகாமல் தடித்து, உலோகத்தைப் பற்றி நின்று காக்கும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், காற்றாடியோடு உருளைகளும் கூடவே சுழலும் விமான யந்திரங்களுக்கு இதனையே பயன்படுத்தினர். பெட்ரோல் அதனை எளிதிற் கரைத்துக் கழுவிவிடாது என்பதே காரணம். காஸ்ட்ரால் என்னும் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே. இன்று உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியா. யந்திரம் கடல் கடந்து வந்ததாயினும், அதன் உயிரைக் காப்பது நம் தோட்டத்து வரப்பில் நிற்கும் செடி என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இரண்டாவது, ஊசி வால்வு. அதனைத் திறந்தால் எரிபொருள் மிகும், மூடினால் குறையும். எரிபொருள் குறையுந்தோறும் வேகம் ஏறும், அதனுடன் சூடும் ஏறும், எண்ணெயும் குறையும். ஆகவே உச்ச வேகத்தைக் கண்டபின் ஊசியைச் சிறிது பின்னோக்கித் திருப்பி, ஓசை ஒரு படி தணிந்து வரும்படி வைத்தலே அறிவுடைமை. விமானத்தின் மூக்கை மேல்நோக்கிப் பிடித்து, அந்நிலையிலும் யந்திரம் தளராது ஓடுகிறதா என்று பார்த்த பின்னரே விடவேண்டும். மூன்றாவது, தூய்மை. எரிபொருளை வடிகட்டி ஊற்றுதலும், புழுதி எழாத இடத்தில் ஓட்டுதலும் இன்றியமையாதன. நான்காவது, ஓட்டம் முடிந்தபின் செய்யும் பணி. மெதனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எஞ்சியது உள்ளே தங்கினால் குண்டுத்தாங்கிகள் துருப்பிடிக்கும். எரிபொருள் முழுவதும் தீரும் வரை ஓட்டி, மெல்லிய எண்ணெய் சில துளிகள் இட்டு, காற்றாடியைக் கையால் சுழற்றி, துணியில் பொதிந்து வைத்தல் வேண்டும். இதற்குச் செல்வது ஐந்து நிமிஷம். இதனால் கிட்டுவது பல வருஷம்.

எண்ணெயைப் பற்றிக் கூறிய நான் மெதனாலைப் பற்றியும் கூறாது விடுதல் தகாது. அது கொடிய நஞ்சு. தோற்றத்தில் தண்ணீர் போன்றது. மணத்தில் சாராயத்தை ஒத்தது. உடலினுட் சென்றால் ஈரல் அதனைப் பார்மிக் அமிலமாக்கும். அவ்வமிலம் கண்நரம்பை அழித்து உயிரையும் பறிக்கும். 2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் அதனை வாங்கவும் வைத்திருக்கவும் அரசாங்க உரிமம் தேவை. அக்கட்டுப்பாடு மிக நியாயமானது. எங்களுக்குப் பயிற்சியாளரே அன்றன்றைக்கு வேண்டியதை அளந்து தருவார். மிஞ்சியதைத் திரும்பப் பெற்றுப் பூட்டிவைப்பார். குடிநீர்ப் புட்டியில் அதனை ஒருபோதும் ஊற்ற விடமாட்டார். யந்திரத்தின் ஆயுளைக் காக்க விழைவோன் அயலார் ஆயுளை அதனினும் பன்மடங்கு பேணக் கடமைப்பட்டவன்.

இன்று மின்மோட்டாரும் லித்தியம் மின்கலமும் வந்து, தணல் யந்திரத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. அவை ஓசையற்றவை, நஞ்சு வேண்டாதவை, கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாதவை. புதிதாகத் தொடங்கும் மாணவர் அவற்றைக் கொள்வதே எளிது என்று நானும் கூறுவேன். ஆயினும் சில நூறு தடவை மின்னேற்றிய பின் மின்கலம் தன் வலிமையை இழந்து குப்பையாகிறது. தணல் யந்திரத்திலோ தேய்ந்த குண்டுத்தாங்கியை மாற்றலாம். பழுதுற்ற சில உறுப்புகளை லேத் பட்டறையில் கடைந்து கொள்ளலாம். ஒரு பொருள் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பதைக் காதாலும் விரலாலும் மூக்காலும் கற்பிக்கும் ஆசிரியன் அது. அப்பாடம் பின்னர் எந்த யந்திரத்தின் அருகில் நின்றாலும் உதவும்.

மூன்று கையெழுத்துகள் கொண்ட குறிப்பேட்டில் நான்காவதாக என் கையெழுத்தும் சேர்ந்தது. நான் கல்லூரியை விட்டபோது யந்திரத்தையும் ஏட்டையும் எனக்கு இளைய மாணவர் ஒருவரிடம் கொடுத்தேன்; அவர் கையில் ஐந்தாவது எழுத்துத் தொடங்கிவிட்டது என்று சென்ற வருஷம் அறிந்து மகிழ்ந்தேன். அவ்வேட்டில் இன்னும் பல பக்கங்கள் வெறுமையாக உள்ளன. இதனை வாசிக்கும் மாணவருள் ஆகாயத்தின்மீது ஆசையும், ஓட்டத்தின்பின் ஐந்து நிமிஷம் அமர்ந்து துடைக்கும் பொறுமையும் ஒருங்கே உடையவர் எவரேனும் இருப்பின், அவர் வான்பிரிவை நாடிச் செல்வாராக. அப்பக்கங்கள் அவருக்கே உரியன.