பனி அடைத்த பாதையும் மழை அடைத்த பாதையும்



ஓசூரில் எங்கள் மதரஸாவில் பயணத் தொழுகைப் பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவன் கேட்பான்: "உஸ்தாத், என் அத்தா தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகாவுக்கு வேலைக்குப் போகிறார். அவர் முசாஃபிரா?" இல்லை என்பேன். மார்க்கச் சட்டம் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை, தூரத்தைப் பார்க்கிறது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்பது பரவலாகக் கொள்ளப்படும் கணக்கு. அடுத்து இப்னு உமர் (ரலி) அவர்களின் நிகழ்வு வரும். அஜர்பைஜானில் பனி வழியை அடைத்துவிட, அவர்கள் ஆறு மாதங்கள் அங்கேயே தங்கி, அத்தனை காலமும் கஸ்ராகவே தொழுதார்கள் என்பது அறிவிப்பு. பிள்ளைகள் இதைக் கதை கேட்பது போலக் கேட்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

2024 ஏப்ரலில், மதரஸாவின் ஷவ்வால் விடுமுறையில், தாயாரை அழைத்துக்கொண்டு துபாய் தேராவில் வசிக்கும் என் தங்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஐந்து நாள் பயணம். 17ஆம் தேதி பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். 16ஆம் தேதி மழை பிடித்தது. அல் அய்ன் பகுதியிலுள்ள கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாள்கூட நிறைவதற்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டியது. 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் அந்நாடு கண்டிராத மழை. துபாய் விமான நிலையத்திலோ ஓராண்டில் சராசரியாகப் பெய்வதே 95 மில்லிமீட்டர்தான். அன்று 24 மணி நேரத்தில் 140ஐத் தாண்டியது. ஓடுபாதை ஏரியானது. இரண்டு நாள்களில் 1,244 விமானங்கள் ரத்தாயின. 41 விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய விமான நிலையத்திற்குத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இரண்டு மணி நேரம் சென்றோம். உள்ளே போன பிறகு தங்கை வீட்டிற்குத் திரும்பவும் வழியில்லை. எங்கள் விமானம் எப்போது புறப்படும் என்ற கேள்விக்கு எந்த முகப்பிலும் விடையில்லை. தரையில் விரிப்பை விரித்துத் தாயாரை அமர்த்தினேன். அவர்களுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. சர்க்கரை நோய் உண்டு. இன்சுலின் கைப்பையில்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி வைத்திருந்த பனிக்கட்டி மதியத்திற்குள் உருகிவிட்டது. காபி விற்கும் கடையில் நின்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் அதை வாங்கித் தம் குளிர்பெட்டியில் வைத்து, மேலே ஒரு தாளில் தாயாரின் பெயரை எழுதி ஒட்டினார். ஷார்ஜாவிலுள்ள தம் அறைக்குச் செல்லப் பாதையில்லாமல் அவரும் முந்தைய நாளிலிருந்து அங்கேயே இருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

தாயாரின் கவலையோ வேறு. "தம்பி, ஐந்து நாள் என்று நிய்யத் வைத்துத்தானே வந்தோம்? இப்போது எத்தனை நாள் என்றே தெரியவில்லையே. எதை நிய்யத் வைப்பது? முழுசாகத் தொழ வேண்டுமா?" என்று கேட்டார்கள். நாங்கள் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்குவதென உறுதிகொண்டால்தான் முழுத் தொழுகை. "நாளை போய்விடுவோம், நாளை மறுநாள் போய்விடுவோம்" என்ற நிலையிலேயே நாள்கள் நீண்டால், எத்தனை காலமாயினும் கஸ்ர்தான். இப்னு உமர் (ரலி) அவர்களின் பனியைப் பற்றிச் சொன்னேன். "ஆறு மாதமா!" என்று வியந்தவர்கள், பிறகு நிம்மதியாக இரண்டு ரக்அத் லுஹர் தொழுதார்கள். தெரியாமை என்ற அந்த நிலைக்கே ஃபிக்ஹ் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறது என்பதை நான் அன்றுதான் உடலால் உணர்ந்தேன். அருகில் காயல்பட்டினத்துக் குடும்பமொன்று லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதது. ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கு அதற்கு அனுமதியுண்டு என்று தாயாருக்கு விளக்க வேண்டியதாயிற்று.

அன்றிரவு கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ஊரில் எனக்கு மிகவும் வேண்டிய ஒருவர், தொழுகையாளி, எங்கள் குழுமத்தில் பகிர்ந்திருந்தார். மூழ்கிய கார்களின் படத்திற்குக் கீழே, ஆடம்பரத்திற்கும் பெருமைக்கும் இறைவன் இறக்கிய தண்டனை இது என்று எழுதியிருந்தது. ஐம்பது பேர் "சுப்ஹானல்லாஹ்" என்று பதிலிட்டிருந்தார்கள். (செயற்கை மழையின் விளைவு என்ற இன்னொரு செய்தியும் சுற்றியது, அந்தப் புயலின்போது மேக விதைப்பு நடைபெறவில்லை என்று அந்நாட்டு வானிலை மையம் அறிவித்துவிட்டது.) நான் விரிப்பில் உறங்கும் தாயாரைப் பார்த்தேன். காபிக் கடையில் நாற்காலியிலேயே தலைசாய்த்திருந்த அந்தப் பெண்ணையும் பார்த்தேன். அமீரகத்தில் உயிரிழந்தோரில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் இருந்தனர். ஓமனில் வெள்ளம் அடித்துச் சென்றவர்களில் பள்ளிக் குழந்தைகள் இருந்தனர். அவர்களுடைய ஆடம்பரம் எது?

மேகம் கறுத்தால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும், உள்ளே வருவதும் வெளியே செல்வதுமாக இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். முன் சென்ற சமூகத்தாருக்கு மேகத்திலிருந்து வந்த வேதனையை எண்ணியே அந்த அச்சம். அது தம்மைக் குறித்தும் தம் மக்களைக் குறித்தும் எழுந்த அச்சம். மதீனாவில் ஒரு வாரம் விடாது மழை பெய்து, பாதைகள் அறுந்துபோயின என்று ஜும்ஆவில் ஒருவர் எழுந்து முறையிட்டபோது, ஏன் இந்த வேதனை என்று அவர்கள் விளக்கம் சொல்லவில்லை; மழை குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் திரும்பட்டும் என்று கையேந்தினார்கள். கடும் மழையில் பள்ளிக்கு வர வேண்டாம், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அதானோடு அறிவிக்கச் செய்தார்கள். மழைக்காக மார்க்கம் எத்தனை சலுகைகளைத் தந்திருக்கிறது! பிறர் வீட்டில் புகுந்த வெள்ளத்திற்குத் தீர்ப்பெழுதும் அதிகாரத்தை மட்டும் நமக்குத் தரவில்லை. குழுமத்தில் இதையே நான்கு வரிகளில் எழுதினேன். பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரு வந்திறங்கினோம். தமிழகத்தில் அன்று வாக்குப்பதிவு. எங்கள் விரலில் மை படவில்லை.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், டிசம்பர் தொடக்கத்தில் உள்நோக்கி வந்தது. எங்கள் மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. கத்ம் அல் ஷக்லாவில் பெய்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு! சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிச் சென்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அன்று குழுமத்தில் தண்டனை என்ற சொல்லே எழவில்லை. போர்வை எத்தனை, அரிசி எத்தனை மூட்டை, லாரி யாரிடம் இருக்கிறது என்பதே பேச்சாக இருந்தது.

ஏப்ரலில் அச்செய்தியைப் பகிர்ந்த சகோதரர்தான் லாரி ஏற்பாடு செய்தார். எல்லாருக்கும் முன்னால் நின்று மூட்டை சுமந்தவரும் அவரே. பழைய செய்தியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பாதிப் போர்வைகளை இறக்கியபோது அஸர் நேரம் வந்தது. ஓசூரிலிருந்து ஊத்தங்கரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சேறு படாத ஒரு திண்ணையில் அவர் தம் துண்டை விரித்தார். சொந்த மாவட்டத்திற்குள்ளேயே முசாஃபிர்களாக நின்று, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, மீதிப் போர்வைகளை இறக்கப் போனோம்.