ரப்பர் விரிப்புக்கு அடியில் துரு

கடலோர ஊர்க்காரர்களுக்கு இரும்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, வாசல் கேட்டின் கீல், மாடித் தண்ணீர்த் தொட்டியின் தாங்கி என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. நம் புதுச்சேரிக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் 1866-ல் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. என் தலைமுறை பார்த்ததெல்லாம் அலைக்கு நடுவே நின்ற மிச்சத் தூண்களைத்தான்.

இன்று எழுதப்போவது ஒரு பழைய லாரியின் தரையைப் பற்றி. "இந்த வயதில் உமக்கு லாரி எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். லாரி என்னுடையது அல்ல, என் தங்கை மகனுடையது. 2004 மாடல் டாடா 407. அவன் அப்பா கடன் வாங்கி எடுத்த வண்டி. அவர் காலத்துக்குப் பிறகு இவன் ஓட்டுகிறான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றி விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கொண்டுபோய் இறக்குவான். குடும்பம் நடப்பது அந்த நான்கு சக்கரத்தில்தான்.

எஃப்.சி. நெருங்கிய சமயத்தில் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நீங்க ஸ்டோர்ல பெயிண்ட் கணக்கு பார்த்தவரு. கேபின் தரை கொஞ்சம் துரு பிடிச்சிருக்கு. எந்த டின் வாங்கலாம்னு சொல்லுங்க. ஒரு கோட் அடிச்சு எஃப்.சி.க்குக் கொண்டுபோயிடறேன்."

அரசுப் பணியில் நான் அதிக காலம் இருந்தது ஸ்டோர்ஸ் பிரிவில். ரெட் ஆக்ஸைடு, அலுமினியம் பெயிண்ட், ஆளி விதை எண்ணெய், எமரி தாள் எல்லாம் என் பதிவேட்டில் வந்து போனவை. தூரிகை பிடித்தவன் அல்ல நான், குமாஸ்தா. ஆனால் எந்த வேலைக்கு எந்த டின் போயிற்று, எது எத்தனை வருஷத்தில் திரும்ப இண்டென்ட் வந்தது என்பது எனக்குத் தெரியும். சுரண்டாமல் அடித்த இடத்திலிருந்து சீக்கிரமே மறுபடியும் இண்டென்ட் வந்துவிடும்.

"டின் அப்புறம் வாங்கலாம் மாப்ளே. முதல்ல விரிப்பைத் தூக்கு" என்றேன்.

தூக்கினான். ரப்பர் விரிப்புக்கு அடியில் இருந்த கம்பளித் துணி பிழிந்தால் சொட்டுகிற ஈரம். ஓட்டுநர் பக்கம், கிளட்ச் மிதிக்குக் கீழே, தகடு அப்பளம் போல அடுக்கடுக்காகப் பெயர்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன். உள்ளே போய்விட்டது. அந்தத் துளை வழியாக என் வாசல் சிமெண்ட் தரை தெரிந்தது.

கிளீனர் பக்கம் உள்ள இருக்கையில்தான் அவன் மகள் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவாள். ஏழு வயதுப் பெண். அந்தப் பக்கத் தரையிலும் ஸ்க்ரூ டிரைவர் அமுங்கியது. அதைப் பார்த்த பிறகு அவன் டின்னைப் பற்றிப் பேசவில்லை.

துரு எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புக்குத் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒன்றாகக் கிடைத்தால் துரு. அந்தத் தண்ணீரில் உப்பும் இருந்தால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். மீன் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் செருப்போடும் பெட்டியோடும் உள்ளே வரும். கீழேயிருந்து கடற்கரைச் சாலையின் ஈரம். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால் மேலே இருக்கும் பெயிண்டைத் தானே தூக்கித் தள்ளும். தூக்கிய இடத்தில் மறுபடியும் தண்ணீர் புகும். துருவின் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் உப்பைக் கழுவி எடுக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே வேலை நிற்காது.

முந்தைய வருஷம் ஏதோ ஒரு பட்டறையில் அடிப்பக்கம் முழுக்கத் தார் போன்ற கருப்புப் பூச்சைக் கனமாகப் பூசிக் கொடுத்திருந்தார்கள். பார்வைக்குப் புது வண்டி. விரல் நகத்தால் கிளப்பினால் தோசை மாதிரி உரிந்து வந்தது. உள்ளே சிவப்புப் பொடி. அதைவிடப் பயம் தந்தது பிரேக் பைப். அதன் மேலும் அதே கருப்பு. துடைத்துப் பார்த்தால் கிளிப் பிடித்திருந்த இடத்தில் குழி குழியாக அரித்திருந்தது. தரை ஓட்டையானால் கால் நனையும். பிரேக் பைப் ஓட்டையானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அலுவலகத்தில் சில கோப்புகள் இப்படித்தான் இருக்கும். மேலே வெள்ளைத் தாளில் அழகான குறிப்பு. கீழே புரட்டினால் கரையான். புதுத் தாள் வைத்தவரை எல்லாரும் பாராட்டுவார்கள். கோப்பு மட்டும் பிழைக்காது.

டிங்கர் மேஸ்திரி ஒருவரை வரவழைத்தோம். நல்ல தொழிலாளி. பார்த்துவிட்டு, "ஐயா, மேல ஒரு தகடு வெச்சு ரிவெட் அடிச்சுடலாம். ஒரு நாள் வேலை" என்றார்.

"ரெண்டு தகட்டுக்கு நடுவுல தண்ணி நிக்காதா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

சிரித்தார். "நிக்கும். ஆனா எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சரியா செய்யணும்னா பத்து நாள் வண்டி நிக்கணும், யாரு விடுவா?"

அதுதான் உண்மையான சிக்கல். பத்து நாள் வண்டி நின்றால் பத்து நாள் வருமானம் இல்லை. நல்லவேளையாக அது ஏப்ரல் மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அவன் வண்டிக்கும் வேலை குறைவு. வெயிலும் நன்றாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் செய்திருந்தால் காலையில் தகட்டில் வேர்க்கிற ஈரத்தின் மேலேயே பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்திருக்கும். "படகைப் பழுது பார்க்கிற காலம் இது. உன் வண்டியையும் அப்படியே நினைத்துக்கொள்" என்றேன். ஒப்புக்கொண்டான்.

முதலில் சேசிஸைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். மேஸ்திரி சிறு சுத்தியலோடு படுத்துக்கொண்டு ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இரும்பு மொத்தென்று ஊமையாகிவிடும். என் தங்கை மகன் பக்கத்தில் குந்தியிருந்தான், வாயே திறக்கவில்லை. சேசிஸ் போயிருந்தால் எந்தப் பூச்சும் உதவாது, வண்டியைக் கழித்துவிட வேண்டியதுதான் என்று முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு பக்க நீளச் சட்டமும் கணீரென்றே ஒலித்தன. கேபினைத் தாங்கும் பிராக்கெட் ஒன்று மட்டும் மெலிந்திருந்தது. அதை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அப்போதுதான் எழுந்து எங்களுக்கு டீ வாங்கப் போனான்.

பிறகு வேலை நடந்த வரிசையை எழுதுகிறேன். உங்கள் வீட்டு கேட்டுக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான்.

முதலில் இருக்கை, விரிப்பு, துணி எல்லாம் வெளியே. பேட்டரி இணைப்பைக் கழற்றியாயிற்று. பழைய கருப்புப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் வெயிலில் காயவைத்தார்கள். உப்பை வெளியேற்ற இதைவிட மலிவான மருந்து இல்லை.

அடுத்து கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தார்கள். கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் போட்டால்தான் வேலை என்று பிடிவாதமாகச் சொன்னேன். பழைய பெயிண்டுகளில் ஈயமும் குரோமேட்டும் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஓட்டையான இடங்களை நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டி எடுத்து, 18 கேஜ் தகட்டை அளவாக வெட்டி வெல்டிங் வைத்தார்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், அந்தப் புகை ஆகாது என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒரு வாளி மணலும் தண்ணீரும் வைத்துக்கொண்டார். பிரேக் பைப்பை முழுதாகப் புதிதாகவே மாற்றினார்கள்.

வெட்டத் தேவையில்லாத இடங்களில், பிரஷ்ஷுக்கும் வராமல் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவுக்குத் துரு மாற்றி என்றொரு திரவம் இருக்கிறது. சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம், சிலவற்றில் டானின். தடவிய சிறிது நேரத்தில் சிவப்பு கருப்பாக மாறும். அந்தக் கருப்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய மசி ஞாபகம் வந்தது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் பெரியவர்கள் மசி காய்ச்சினார்களே, அதே ரசாயனம்தான் இது. கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு. இரண்டும் சேர்ந்தால் கரையாத கருப்பு. டெல்லி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கும் அந்த இரும்பில் உள்ள பாஸ்பரஸ் உண்டாக்கிய காப்புப் படலம் ஒரு காரணம் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தத் திரவம் மெல்லிய துருவுக்கு மட்டும்தான். அப்பளமாகப் பெயர்கிற துருவின் மேல் ஊற்றினால் மேல்தோல் கருக்கும், அடியில் அப்படியே இருக்கும்.

அதன் பிறகு எபாக்ஸி பிரைமர். இரண்டு டின், டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து, கெட்டியாவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். ஜிங்க் பிரைமர் உயர்ந்தது என்று என் தங்கை மகன் எங்கோ கேட்டுவிட்டு வந்தான். உயர்ந்ததுதான். ஆனால் அதிலுள்ள துத்தநாகம் வெறும் இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் காக்கும். துரு மாற்றி தடவிய இடத்தில் அடித்தால் காசு வீண். சாதாரண ரெட் ஆக்ஸைடு போதுமென்றால், அதை அப்படியே விடாமல் மேலே பெயிண்ட் அடித்தே தீரவேண்டும். ரெட் ஆக்ஸைடு தனியாக ஈரத்தைத் தடுக்காது.

இணைப்புகளில் சீலர், உள்ளே இரண்டு கோட் பெயிண்ட், அடிப்பக்கம் கடைசியாக அந்தக் கருப்புப் பூச்சு. ஆம், அதே கருப்புப் பூச்சுதான். பூச்சின் மேல் குற்றம் இல்லை. சுத்தமான, காய்ந்த இரும்பின் மேல் அது கவசம். ஈரமான துருவின் மேல் போர்வை. தரையில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகளை அடைக்கவில்லை. பிரேக் பாகங்கள், சைலன்சர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதிலும் படாமல் காகிதம் சுற்றி மறைத்துவிட்டு அடித்தார்கள். வேஸ்ட் ஆயில் அடிக்கிற பழக்கமும் சிலரிடம் உண்டு. துருவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆனால் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், ரோட்டிலும் மண்ணிலும் சொட்டும். வேண்டாம் என்றேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு ஈஃபில் கோபுரம் பாடப்புத்தகத்துப் பழக்கம். 1889-ல் எழுப்பிய அந்த இரும்புக் கோபுரத்துக்கு ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு ஒரு முறை, சுமார் 60 டன் பெயிண்ட், கையால் தூரிகை பிடித்து அடிக்கிறார்கள். அதைக் கட்டிய ஈஃபிலே அந்தக் கோபுரத்தின் ஆயுள் பெயிண்டில் இருக்கிறது என்று கருதியவர். அங்கேயும் துருவைச் சுரண்டிய பிறகே தூரிகை எடுக்கிறார்கள். நம் காரைக்குடியில் 1953 முதல் நடந்துவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் துருவைப் பற்றியே ஆராய்கிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். உலகமே உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இது, ஒரு டின்னில் முடிந்துவிடுமா?

செலவு, மேலே தகடு ரிவெட் அடிப்பதைப் போல மூன்று மடங்கு ஆயிற்று. அதில் என் தங்கை தன் சீட்டுப் பணத்தையும் போட்டாள். ஜூன் மாதம் எஃப்.சி. கிடைத்தது. அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் விரிப்பைத் தூக்கி, நல்ல தண்ணீர் அடித்து, கதவைத் திறந்து போட்டுக் காயவைக்கிறான். மகள் பழைய இடத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

நம் வயதுக்காரர்களில் பலர் வீட்டில் ஒரு பழைய அம்பாசிடரோ, ஸ்கூட்டரோ, பிள்ளைகள் விட்டுப்போன காரோ நிற்கும். துணி போட்டு மூடி வைத்திருப்பீர்கள். ஒரு நாள் வெயிலில் அந்த விரிப்பைத் தூக்கி, விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள், முதலில் ஒரு டிங்கர் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.